வரிசை எண் ஒன்று

செவ்வாய்க்கிழமைதோறும் தலைமை அலுவலகத்திலிருந்து சுற்றறிக்கை வரும். மூன்று தாள். முதல் தாளில் பயமுறுத்துவார்கள், இரண்டாம் தாளில் புத்தி சொல்வார்கள், மூன்றாம் தாளில் உதவி உண்டு என்பார்கள். பெருந்தொற்று உச்சத்தில் இருந்தபோது முதல் தாள் மட்டும் பெருத்து ஒன்பது தாளாக வந்தது. அவசர நிலை முடிந்தது என்று மேலிடத்தில் கையெழுத்துப் போட்ட பிறகு அது இளைத்துப்போய், கொசுவைப் பற்றியும் தண்ணீரைக் காய்ச்சிக் குடிப்பதைப் பற்றியும் நாலு வரி பேசிவிட்டு ஒதுங்கிக்கொண்டது. மூன்றாம் தாள் கொழுக்க ஆரம்பித்தது. சமூக மீட்பு நிதி, மனநல ஆதரவு நிதி, தன்னார்வக் குழுக்களை வலுப்படுத்தும் நிதி என்று வாரத்துக்கு ஒன்று. நிதியின் முழுப்பெயரைப் படித்து முடிப்பதற்குள் கடைசித் தேதி தாண்டிவிடும்.

துணை சுகாதார நிலையத்துச் செவிலி இந்தத் தாள்களை வாசல் பலகையில் நாலு மூலையிலும் ஊசி குத்தி மாட்டுவாள். இருபத்திரண்டு வருடமாக மாட்டுகிறாள். யாரும் படிப்பதில்லை என்பது அவளுக்கும் தெரியும், தலைமை அலுவலகத்துக்கும் தெரியும். மாட்டவில்லை என்றால் மட்டும் ஏன் மாட்டவில்லை என்று கேட்பார்கள்.

அந்தத் தெருவில் பெரும்பாலும் அட்டைப்பெட்டி வேலைதான். வீட்டுக்கு ஒருவராவது பெட்டிக் கம்பெனியில் வெட்டவோ ஒட்டவோ கட்டவோ போவார்கள். செவிலிக்கு அங்கே ஒரு பட்டப்பெயர் உண்டு: பூஜ்யம் சிஸ்டர். கேலிப் பெயர் இல்லை. மரியாதையாக, கொஞ்சம் கண்ணில் தண்ணீரோடுகூடச் சொல்வார்கள். பெருந்தொற்றுக் காலத்தில் பதினோரு வாரம் அந்தத் தெருவின் கணக்கில் நோயாளிகள் எண்ணிக்கை பூஜ்யம் என்று எழுதி அனுப்பியவள் அவள். பக்கத்துத் தெருவில் இரண்டே பேருக்கு வந்ததற்காக இரண்டு முனையிலும் தகரம் அடித்து இருபத்தொரு நாள் மூடினார்கள். பிரசவ வலி எடுத்த பெண்ணை ஒரு பலகையில் படுக்கவைத்துத் தகரத்துக்கு மேலே தூக்கி இந்தப் பக்கம் கொடுத்தார்கள். அதைப் பார்த்தவர்கள்தான் இவளிடம் வந்து கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள்: "எழுதிடாதீங்க சிஸ்டர். தகரம் அடிச்சா கம்பெனிய மூடிடுவான். காய்ச்சல்ல போறதுக்கு முன்னாடி பட்டினியிலயே போயிடுவோம்."

அவள் எழுதவில்லை. ஆனால் வேலையை விட்டுவிடவும் இல்லை. பதிவேட்டில் பூஜ்யம் போட்டுவிட்டுத் தன் சொந்த நோட்டு ஒன்றில் எல்லாவற்றையும் எழுதினாள். எந்த வீடு, யார், காய்ச்சல் கண்ட நாள், மூச்சு எத்தனை, விரலில் மாட்டும் கருவி காட்டிய எண் என்ன. காலையும் மாலையும் வீடு வீடாகப் போய்ப் பார்த்தாள். மொத்தம் ஐம்பத்துமூன்று பேர். நாலு பேர் போய்விட்டார்கள். அந்த நோட்டு இல்லாவிட்டால் இன்னும் பத்துப் பேர் போயிருப்பார்கள் என்று தெருவில் சொல்வார்கள். அது உண்மையாகவும் இருக்கலாம்.

உண்மை என்றால் முழுவதையும் சொல்லிவிட வேண்டும். தெருக்காரர்கள் வந்து கையைப் பிடித்து அழுததற்குப் பன்னிரண்டு நாள் முன்பே முதல் பூஜ்யத்தை அவள் போட்டுவிட்டாள். யாரும் கேட்காமலே போட்டாள். அந்தப் பூஜ்யம் அவள் வீட்டுக்கானது. மூன்றாம் தேதி மாமனாருக்குக் காய்ச்சல் கண்டது. பக்கவாதம் வந்து மூன்று வருடமாகக் கட்டிலில் கிடந்த மனிதர். பதினோராம் தேதி விடிகாலையில் மூச்சு நின்றது. பழைய இதயக் கோளாறு என்று டாக்டரிடம் தொலைபேசியில் சொன்னாள். இருபது வருடப் பழக்கம், அவரும் அப்படியே எழுதிக் கொடுத்தார். நோட்டுக் கணக்கில் நாலு சாவு, தெருக் கணக்கில் மூன்று. இதயத்தால் செத்த மனிதர் வீட்டுக்கு வராமல் இருப்பார்களா? தெருவே வந்தது. கட்டிப்பிடித்து அழுதார்கள். அட்டைப்பெட்டி லோடு ஏற்றும் வேன் ஓட்டுநர்தான் அவள் கணவனோடு சேர்ந்து உடலைத் தூக்கித் தன் வண்டியில் வைத்தார். பதினான்காம் தேதி அந்த ஓட்டுநருக்குக் காய்ச்சல். அதே வாரத்தில் இன்னும் பத்து வீட்டில்.

ஓட்டுநர் இருபத்தாறாம் தேதி இறந்தார். ஒன்பதாம் தேதிதான் வெளியூர் லோடு முடித்து வந்திருந்தார். தெருவுக்கு அது போதும். "டிரைவர்தான் கொண்டுவந்து வுட்டான்" என்று முடிவு கட்டினார்கள். அவருக்கு ஒரு மனைவி இருந்தாள். பெட்டிக் கம்பெனியில் காகிதப் பைகளுக்குக் கயிறு கோக்கிறவள். அவளை யாரும் ஒரு வார்த்தை திட்டவில்லை. நல்ல மனிதர்கள். அவள் மேஜையை மட்டும் நகர்த்திப் பின்வாசல் பக்கம் போட்டார்கள். நோய் போய் இரண்டு வருடமாகிறது, மேஜை இன்னும் அங்கேதான் இருக்கிறது. தண்ணீர்க் குழாயில் அவள் வந்தால் பேச்சு நின்றுபோகும். அவள் குடத்தை எடுத்துக்கொண்டு போனதும் தொடரும்.

இதெல்லாம் செவிலிக்குத் தெரியும். அவளுடைய நோட்டில் தேதிகள் இருந்தன. கண்டும் காணாமல் இருந்தாள்.

இப்படி இருக்கையில் ஒரு செவ்வாய்க்கிழமை மூன்றாம் தாளை அவள் ஒழுங்காகப் படித்துத் தொலைத்தாள். தொற்றுக்குப் பின் மூச்சுக் கோளாறு உள்ளவர்களுக்காகப் பகுதிவாரியாக மூச்சுப் பயிற்சி அறை அமைக்க நிதி. ஒரு பயிற்சியாளர், இரண்டு ஆக்சிஜன் இயந்திரம், நுரையீரல் சோதிக்கும் கருவி. நிலையத்து மாடியில் கூடம் காலியாகக் கிடந்தது. தெருவில் குறைந்தது இருபது பேர் இன்னும் மாடிப்படி ஏறினால் பாதியில் உட்காருகிறார்கள். அவர்களில் ஒருத்தி அவள் நாத்தனார். அப்பாவுக்குக் கடைசிவரை வாய் துடைத்துவிட்டவள். அட்டைத் தூசியால்தான் இப்படி என்று அவளுக்கு நினைப்பு. பெரிய மருத்துவமனைக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். பஸ் படியேறினாலே அவளுக்கு உதடு நீலமாகும். இரண்டு தடவை போனாள், மூன்றாம் தடவை "சரிதான் போ" என்று விட்டுவிட்டாள்.

தகுதி என்ற தலைப்பில் ஒரே ஒரு வரி இருந்தது. அவசர நிலைக் காலத்தில் அந்தப் பகுதியில் பதிவான நோயாளிகள் குறைந்தது நாற்பது.

செவிலி தலைமை அலுவலகத்தின் நிதிப் பிரிவுக்குப் போன் போட்டாள். எடுத்தது ஒரு பெண். குரலைக் கேட்டால் வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம் இருக்கும்; இன்னும் அக்கறையாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"உங்க பகுதியில பூஜ்யம்னு இருக்கே மேடம்."

"தெரியும். தப்பா போட்டது. திருத்த முடியுமா?"

"முடியும் மேடம். திருத்தப் படிவம்னு ஒண்ணு இருக்கு. ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு வரிசை. யாரு, காய்ச்சல் வந்த தேதி, யாருகிட்டேர்ந்து வந்திருக்கலாம்னு ஒரு கட்டம், கையெழுத்து. தேதி வரிசைப்படி இருக்கணும். முதல் கேஸ் எதுன்னு கண்டிப்பா காட்டணும், இல்லன்னா கம்ப்யூட்டர் எடுத்துக்காது. அப்புறம் அத ஏழு நாள் உங்க பலகையில மாட்டணும். ஆட்சேபம் யாரும் சொல்லலன்னா போதும்."

"அவ்வளவுதானா?"

"ஏன் முதல்லயே எழுதலன்னு உங்ககிட்ட விளக்கம் கேப்பாங்க மேடம்." அந்தப் பெண் குரலைத் தாழ்த்தினாள். "அது வேற பிரிவு."

ஓய்வு பெற நாலு வருடம் இருக்கிறது. செவிலி அதை ஒரு நிமிடம் நினைத்துப் பார்த்தாள். அந்தப் பயம் அவள் எதிர்பார்த்த அளவுக்குப் பெரிதாக இல்லை. பெரியது வேறு பயம். முதல் கேஸ் எது என்று காட்ட வேண்டும், அதைத் தெருவின் நடுவில் ஏழு நாள் தொங்கவிட வேண்டும்.

நிதி வந்ததா வரவில்லையா என்பதை இங்கேயே சொல்லிவிடலாம், அதற்காக யாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு படிக்க வேண்டியதில்லை. வந்தது. மாடிக் கூடத்தில் இப்போது ஆறு நாற்காலியும் ஒரு பயிற்சியாளரும் இருக்கிறார்கள். செவிலிக்கு விளக்கம் கேட்டுக் கடிதமும் வந்தது. அரசாங்கத்தில் இரண்டும் ஒரே தபாலில் வருவது சகஜம். கதை அந்தப் படிவத்தைப் பற்றியது.

படிவத்தை எடுத்துக்கொண்டு அவள் வீடு வீடாக ஏறினாள். அன்றைக்குத்தான் அந்தத் தெருவில் யாருக்கும் நோயே வந்ததில்லை என்பது தெரிந்தது.

"எங்க வீட்லயா? சாதா சளிதான் சிஸ்டர் அது" என்றார் ஒட்டும் பிரிவு மேஸ்திரி. பதினாறு நாள் குப்புறப் படுத்துக் கிடந்தவர். அவருக்குக் கஞ்சி ஊற்றியதே செவிலிதான்.

"பொண்ணுக்கு எடம் பாக்குறோம்" என்றது அடுத்த வீடு. "நோய் வந்த குடும்பம்னு எழுத்துல இருந்தா நல்லாவா இருக்கும்?"

"மூச்சு ரூம் வரட்டும், நல்ல விஷயம். பேரு மட்டும் வேணாம்" என்றது மூன்றாம் வீடு. பெயர் இல்லாமல் எப்படி அறை வரும் என்று கேட்டால், "நீங்க பாத்துப் பண்ணுங்க சிஸ்டர், உங்களுக்குத் தெரியாததா?" என்று அவள் தலையிலேயே கட்டினார்கள். பூஜ்யத்தைப் பாத்துப் பண்ணியவள் ஐம்பத்துமூன்றையும் பாத்துப் பண்ணிவிடுவாள் என்று நம்பிக்கை.

கடைசியில் வழிக்குக் கொண்டுவந்தது நாத்தனார். மூன்றாம் தாளில் இருந்த அறிகுறிகளைப் படித்ததும் தனக்கு வந்தது எது என்று அவளுக்கே புரிந்துவிட்டது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் பெட்டிக் கம்பெனிக்கு அண்ணியைக் கூட்டிக்கொண்டு போனாள். வாசலிலிருந்து கூடம் வரை நடந்ததிலேயே மூச்சு வாங்கிற்று. ஒரு அட்டைக் கட்டின் மேல் உட்கார்ந்து, பேச வாயைத் திறந்து, பேச முடியாமல் கையை உயர்த்தி எல்லாரையும் காத்திருக்கச் சொன்னாள். காத்திருந்தார்கள். முழுதாக ஒரு நிமிடம். அந்த ஒரு நிமிடத்தில் யாரும் டிபன் பெட்டியைத் திறக்கவில்லை.

"எனக்கு வந்துச்சு" என்றாள் மூச்சு திரும்பியதும். "அட்டத் தூசி கிட்டத் தூசின்னு சும்மா சொல்லிக்கிட்டிருந்தேன். இதான் எனக்கு. உங்கள்ல பாதிப் பேருக்கும் இதான். கையெழுத்துப் போட்டா என்ன, விரலா உதிர்ந்துடும்?"

சிரித்தார்கள். மேஸ்திரி முதலில் எழுந்து வந்தார். அப்புறம் வரிசையாக வந்தார்கள். ஆனால் தேதி என்று வந்தபோது மறுபடி இழுபறி. யாருக்கும் முதல் ஆளாக இருக்க மனமில்லை.

"எனக்குப் பதினேழுன்னு போடுங்க."

"உங்களுக்குப் பதினஞ்சு."

"இவனுக்கு என்ன தேதி? இவனுக்கு அப்புறம்தான் எனக்கு."

"எனக்கு உங்களுக்கு அப்புறம்ணே. உங்க வீட்லேர்ந்துதான் சீட்டாடிட்டு வந்தேன்."

கல்யாணப் பந்தியில் முந்துகிற கூட்டம், அன்று ஒருவரையொருவர் முன்னால் தள்ளிவிட்டது. விட்டால் நோய் ஒருவரிடமும் தொடங்காமலே ஐம்பத்துமூன்று பேருக்குப் பரவியிருக்கும். மேஸ்திரிதான் முடித்துவைத்தார்.

"எதுக்கு இவ்வளவு பேச்சு? ஊருக்கே தெரியுமே. ஒண்ணுல டிரைவரப் போடுங்க. அவன் வெளியூர் போய் வந்தவன். மிச்சமெல்லாம் அதுக்குக் கீழ."

"ஆமா, அதானே" என்றார்கள். பெரிய பாரம் இறங்கினாற்போல் டிபன் பெட்டிகள் திறந்தன. யாருக்கும் குற்ற உணர்ச்சி இல்லை, இருக்கவும் வேண்டியதில்லை. அவர்கள் நம்பியதைத்தான் சொன்னார்கள். நம்பாதவள் அந்தக் கூடத்தில் ஒருத்தி மட்டும்தான். அவள் படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு, பின்வாசல் பக்கம் பார்க்காமல் நின்றாள்.

அவள் பார்க்காவிட்டால் என்ன, அங்கே காது இருந்தது. மறுநாள் காலை நிலையத்தைத் திறந்து, தடுப்பூசிப் பெட்டியில் ஐஸ் மாற்றிக்கொண்டிருந்தபோது ஓட்டுநரின் மனைவி வந்தாள். செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு, உள்ளே வராமல் நிலைப்படிக்கு வெளியே நின்றாள். அது இரண்டு வருடத்தில் வந்த பழக்கம்.

"உள்ள வாங்கக்கா" என்றாள் செவிலி.

"இருக்கட்டும் சிஸ்டர். கம்பெனிக்கு நேரமாச்சு. கையெழுத்துக் கேட்டீங்களாமே. ஒண்ணாம் நம்பர் எங்களுதுன்னாங்க."

"யாரு சொன்னா?"

"எல்லாரும்தான். எனக்கும் தெரியும் சிஸ்டர். அவரு வெளியூர் போயிட்டு வந்தாரு, எங்க வீட்லேர்ந்துதான் வந்துச்சு. மூணு உசுரு போச்சு. அவரு போனது போகட்டும், மத்த ரெண்டு பேருக்கு நான் என்ன பதில் சொல்றது?" சொல்லிவிட்டு முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். "எழுதிக்கோங்க. ரூம் வந்தா அவங்களுக்காவது நல்லது. நான் செய்யக்கூடியது இதான்."

ஈரக் கையோடு செவிலி நின்றாள். இவள் பழியைச் சுமக்கிறாள் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தாள். நம்புகிறாள் என்று நினைக்கவில்லை. இரண்டு சாவுக்குத் தன் புருஷன் காரணம் என்று இந்தப் பெண் இரண்டு வருடமாக நம்பிக்கொண்டு, பின்வாசல் மேஜையில் உட்கார்ந்து கயிறு கோத்திருக்கிறாள். சொந்த வீட்டுக்காக ஒரு பூஜ்யம் போட்டவளுக்கு அன்றுதான் அது எங்கே போய் இறங்கியது என்று தெரிந்தது. வெட்கமாக இருந்தது. ஓடிப்போய்விடலாம் போல இருந்தது.

பேனா மேஜைமேல்தான் இருந்தது. எடுத்து நீட்டினால் வேலை முடிந்தது. ஒருவரும் ஆட்சேபம் சொல்லப்போவதில்லை, சொல்லவேண்டியவளே வந்து ஒப்புக்கொள்கிறாள்.

"படிவம் இன்னும் சரியா எழுதலக்கா" என்றாள் செவிலி. "நானே வீட்டுக்குக் கொண்டாரேன்."

"சரி சிஸ்டர்." அவள் செருப்பை மாட்டிக்கொண்டு போனாள்.

சாயங்காலம் கணவன் வேலையிலிருந்து வந்து டீ குடித்துக்கொண்டிருந்தபோது செவிலி நோட்டை எடுத்து அவன் முன்னால் வைத்தாள். பத்து வருடமாகப் பஸ் ஓட்டுகிறவன். எதையும் ஒரு தடவை கண்ணாடியில் பார்த்துவிட்டுத்தான் திரும்புவான். நாத்தனாரும் இருந்தாள். முதல் பக்கம், முதல் வரி. மூன்றாம் தேதி, மாமா, காய்ச்சல் நூற்றுமூன்று.

அவன் படித்தான். டீயைக் கீழே வைத்தான்.

"இதயம்னு சொன்னியே."

"சொன்னேன்."

"நான் அவர கட்டிப்புடிச்சு அழுதேன். டிரைவர் அண்ணன் தூக்குனாரு."

"ஆமாங்க."

"தெரிஞ்சே எல்லாரையும் உள்ள வுட்டியா?"

அவளிடம் பதில்கள் இருந்தன. தன் வீட்டில் நோய் என்றால் தன்னை இருபத்தொரு நாள் பூட்டியிருப்பார்கள், தெருவைப் பார்க்க ஒரு நாதி இருந்திருக்காது. அந்தப் பதிலை இரண்டு வருடமாக நன்றாகத் துடைத்து வைத்திருந்தாள். எடுத்துச் சொல்ல இப்போது வாய் வரவில்லை. "பயந்துட்டேன்" என்று மட்டும் சொன்னாள்.

"அப்பா பேர போர்டுல மாட்டப் போறியா?"

"இல்லன்னா டிரைவர் பேர மாட்டணும்."

அவன் எழுந்து வெளியே போய்விட்டான். நாத்தனார் நோட்டைத் தன் பக்கம் இழுத்துத் தேதிகளை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். அண்ணியை அவள் திட்டவில்லை. திட்டாமல் மூச்சை மிச்சம் பிடிக்க வேண்டியிருந்தது போலும். நோட்டை மூடிவைத்து, "எழுது அண்ணி" என்றாள். "அப்பா ஒண்ணும் சொல்ல மாட்டாரு."

புதிய படிவம் ஒன்றை எடுத்து அவள் அன்றைக்கே எழுதினாள். வரிசை எண் ஒன்று, மாமனார், மூன்றாம் தேதி. வரிசை எண் இரண்டு, நாத்தனார். மூன்று, ஓட்டுநர், பதினான்காம் தேதி. அவருக்கு நேரே 'யாரிடமிருந்து' என்ற கட்டத்தில் 'வரிசை எண் ஒன்று' என்று எழுதினாள். அப்படியே கீழே கீழே, நோட்டில் உள்ளபடி. மாமனாருக்கு நேரே அந்தக் கட்டத்தில் 'தெரியவில்லை' என்று போட்டாள். படிவங்களில் எல்லாரும் போடுகிற வார்த்தை. கை தானாகவே போட்டது. எழுதி முடித்தபோது நெஞ்சு லேசாக இருந்தது. நல்லது செய்துவிட்ட திருப்திகூடக் கொஞ்சம் எட்டிப்பார்த்தது, மறைப்பானேன்.

மறுநாள் கம்பெனிக்கு விடுமுறை. காலையிலேயே தெருக்கோடி வீட்டுக்குப் போனாள். ஒற்றை அறை, ஓரமாக அடுப்பு, சுவரோரம் கயிறு கோக்காத காகிதப் பைகள் இடுப்புயரம். ஓட்டுநரின் மனைவி அவசரமாக ஒரு ஸ்டூலைத் துடைத்துப் போட்டாள். இரண்டு வருடத்தில் அந்த ஸ்டூலில் உட்கார்ந்தவர் எத்தனை பேரோ. செவிலி உட்கார்ந்து படிவத்தை அவள் கையில் கொடுத்தாள்.

"படிங்கக்கா. படிச்சிட்டுப் போடுங்க."

அவள் எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள். முதல் வரியில் விரல் வைத்தாள். நின்றாள். மறுபடி வைத்தாள். மூன்றாவது வரிக்குப் போனாள். கட்டத்தைத் தாண்டி 'வரிசை எண் ஒன்று' என்பதைப் படித்துவிட்டு விரல் மேலே ஏறி வந்தது.

"இது பெரியவரு."

"ஆமா."

"பெரியவருக்கு மூணாம் தேதி. இவரு ஒம்பதாம் தேதிதான் லோடு முடிச்சு வந்தாரு."

"ஆமாக்கா. உங்க வீட்டுக்காரர்கிட்டேர்ந்து யாருக்கும் வரல. எங்க வீட்லேர்ந்துதான் அவருக்கு வந்துச்சு. எங்க மாமாவத் தூக்குனப்ப."

ஓட்டுநரின் மனைவி அழுவாள் என்று செவிலி நினைத்தாள். அவள் அழவில்லை. படிவத்தை மடியில் வைத்து, அதில் இல்லாத சுருக்கத்தை உள்ளங்கையால் நீவிக்கொண்டே இருந்தாள்.

"உங்களுக்கு எப்போலேர்ந்து தெரியும்?"

"அப்போலேர்ந்தே."

"அவரு படுத்துக் கெடந்தப்பவே?"

"ஆமா."

"தெனமும் வந்து வெரல்ல மிஷின் மாட்டுனீங்க. 'என்னால தெருவுக்கே வந்துடுச்சே சிஸ்டர்'னு உங்ககிட்டதானே சொல்லிச் சொல்லிப் பொலம்புனாரு. அப்பகூட நீங்க வாயத் தொறக்கல."

அந்த மனிதன் சாகும்போது அப்படி நினைத்துக்கொண்டேதான் செத்தான்.

வெளியே யாரோ வண்டியை உதைத்துக் கிளப்பினார்கள். ஓட்டுநரின் மனைவி மறுபடி படிவத்தை எடுத்து முதல் வரியைப் பார்த்தாள். யார் சொன்னாலும் நம்பிவிடுகிற முகம் இத்தனை நாள் அவளுக்கு இருந்தது. இப்போது இல்லை.

"பெரியவரு கட்டில்ல கெடந்தாரு" என்றாள். "மூணு வருஷமா வாசப்படி தாண்டல."

"ஆமா."

"அப்ப அவருக்கு யாரு கொண்டாந்து குடுத்தா?"

கட்டத்தில் 'தெரியவில்லை' என்று தன் கையெழுத்திலேயே இருந்தது. அந்த மாதம் முதல் தேதி வரை பெரிய மருத்துவமனைத் தொற்று வார்டில் பத்து நாள் கூடுதல் பணி பார்த்துவிட்டு வந்தவள் அவள். வந்த அன்று தொண்டை வலி. இரண்டு நாள் வெந்நீர் குடித்தாள், போய்விட்டது. அந்த இரண்டு நாளும் மாமனாருக்கு அவள்தான் ஊட்டிவிட்டாள். நோட்டில் அதை எழுதியதே இல்லை. நோட்டு அதற்கு மறுநாளிலிருந்துதான் தொடங்குகிறது.

"செத்தவங்க பேர எழுதுறது சுலபம் சிஸ்டர்" என்றாள் ஓட்டுநரின் மனைவி. குரலில் கோபம்கூட இல்லை. "அவங்க வந்து இல்லேன்னு சொல்ல மாட்டாங்க. எங்க வீட்ல நடந்ததுலயே எனக்குத் தெரியும்."

படிவத்தைச் செவிலியின் பக்கம் திருப்பி ஸ்டூல் விளிம்பில் வைத்தாள். பேனாவை அவளே எடுத்துக் கொடுத்தாள்.

வரிசை எண் ஒன்றுக்கு மேலே கட்டம் ஏதும் இல்லை. தலைப்பு எழுத்துகளுக்கும் கோட்டுக்கும் நடுவில் ஒரு விரல்கடை வெள்ளை இடம்தான் இருந்தது. செவிலி அந்த இடத்தில் தன் பெயரை எழுதினாள். முதல் தேதி என்று எழுதினாள். கீழே இருந்த ஒன்றை அடித்து இரண்டாக்கினாள், இரண்டை மூன்றாக்கினாள், ஐம்பத்துமூன்று ஐம்பத்துநாலாகும்வரை 'யாரிடமிருந்து' கட்டங்களையும் சேர்த்து ஒவ்வொன்றாக அடித்து அடித்து எழுதினாள். சில எண்கள் இரண்டு தடவை அடிபட்டன. மாமனாருக்கு நேரே 'தெரியவில்லை' போய் 'வரிசை எண் ஒன்று' வந்தது. ஓட்டுநரின் மனைவி அவசரப்படுத்தவில்லை. பைக் கட்டின் மேல் உட்கார்ந்து கடைசி எண்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு பேனாவை வாங்கி, நாலாம் வரிசையில், புருஷன் பெயருக்கு நேரே எழுத்துக்கூட்டிக் கையெழுத்துப் போட்டாள்.